"பொம்பளையாளுக்கு ரூம் கிடையாது!" - ராஜபாளையம் பழைய லாட்ஜில் ஒரு ராத்திரி

ராத்திரி மணி 11.10.

மெயின் ரோட்டில் புரோட்டா கடைக்காரர் கல்லைச் சுரண்டிக் கழுவிக்கொண்டு இருந்தார். டீக்கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. லாட்ஜின் மாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் ஒரு அம்மாள். வயது 55 இருக்கும். கையில் மஞ்சள் பை. அவருக்குப் பின்னால் சுடிதார் போட்ட சிறுமி ஒருத்தி. 13 வயதுக்கு மேல் சொல்ல முடியாது. தூக்கம் கண்ணைச் செருகியது.

"ரூம் இருக்குமாய்யா?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆம்பளை ஆள் யாரும் கூட வரலையா?"

"இல்லைய்யா. நானும் என் பேத்தியும்தான்."

மேனேஜர் பதில் சொல்லவில்லை. பேனாவை மூடி லெட்ஜர் மேல் வைத்தார். நான் எதிரே மர பெஞ்சில் உட்கார்ந்து இருந்தேன். அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தார். "தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுக்கப்பட மாட்டாது" என்று பச்சை பெயிண்டில் எழுதி இருந்தது. பெயிண்ட் பாதி உதிர்ந்து போயிருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

நான்கே நாள்

நான் அங்கே போனது ஒரு கோர்ட்டு வேலையாக. இடம் தேடியது ஸ்ரீவில்லிபுத்தூரில். கிடைத்தது ராஜபாளையத்தில்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில். மாவட்ட கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில். 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்து மாவட்டத்தை உண்டாக்கிய பிறகும் கோர்ட்டு பழைய இடத்திலேயே இருக்கிறது. கொலை, கொள்ளை என்றால் மாவட்டத்தின் பல மூலைகளில் இருந்தும் பெரும்பாலும் ஆண்டாள் ஊருக்குத்தான் வந்தாக வேண்டும். கிழக்குக் கோடியில் இருக்கிறவர்களுக்கு இரண்டு பஸ், சில பேருக்கு மூன்று பஸ். காலையில் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு ஆஜராக வேண்டும் என்றால், பலர் முதல் நாள் ராத்திரியே வந்துவிடுகிறார்கள்.

சாதாரண நாளில் கவலை இல்லை. ஆடி மாதம் வந்தால் தொல்லை.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை. ஆடிப் பூரத்துக்கு ஆண்டாள் தேர். 2025-ல் ஜூலை 24-ந் தேதி அமாவாசை, 28-ந் தேதி தேரோட்டம். நான்கே நாள் இடைவெளி. அநேகமாக எல்லா வருஷமும் இப்படித்தான். அமாவாசைக் கூட்டம் இறங்குவதற்குள் தேர்க் கூட்டம் வந்து இறங்கிவிடும்.

முன்பெல்லாம் சதுரகிரி போகிறவர்கள் மலை மேலேயே ராத்திரி படுத்துக் கிடப்பார்கள். சுந்தரமகாலிங்கம் சன்னதியைச் சுற்றி மடங்கள் உண்டு. கஞ்சி ஊற்றுவார்கள். 2015 மே மாதம் மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகு கெடுபிடி வந்தது. மேலே ராத்திரி தங்க விடுவது கிடையாது. காடும் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. ஆகவே தாணிப்பாறையில் இறங்கியவர்கள் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று படுக்க இடம் தேடி வருகிறார்கள்.

நான் போனது அப்படிப்பட்ட ஒரு ஆடியில், அமாவாசைக்கு முதல் நாள். வருஷம் எது என்று எழுதவில்லை. காரணம் பின்னால் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான்கு லாட்ஜ் ஏறி இறங்கினேன். இரண்டில் "ஹவுஸ் புல்". ஒன்றில் ரூம் இருந்தது. சாதாரண நாளில் கேட்பதைப் போல மூன்று மடங்கு கேட்டார்கள். நான்காவது லாட்ஜில் ரூம் பாய் ஒரு பையன், "அண்ணே, ராஜபாளையம் போயிருங்க. பன்னெண்டு கிலோமீட்டர்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தீங்கன்னா பழைய லாட்ஜ் கிடக்கும்" என்றான். பஸ் ஏறினேன். மதுரையில் இருந்து தென்காசி போகிற பஸ்கள் அந்த ரோட்டில் ராத்திரியிலும் ஓடுவதால் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தேன்.

மாடிப் படி

கீழே கடைகள். மாடியில் லாட்ஜ். கல் படி நடுவில் தேய்ந்து குழிந்து இருக்கிறது. கைப்பிடி தேக்கு. அதில் எத்தனை ஆயிரம் பேர் கை பட்டிருக்குமோ, எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பு. மேலே நீள வராந்தா. இரண்டு பக்கமும் 14 ரூம்கள்.

ஒற்றைக் கட்டில் ரூ.400. இரட்டைக் கட்டில் ரூ.650. பாத்ரூம், கக்கூஸ் வராந்தாக் கடைசியில், எல்லோருக்கும் பொது. ஏ.சி. கிடையாது. லிப்ட் கிடையாது. காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் பாய்லர் போடுவார்கள். வாளியோடு போய் நின்றால் வெந்நீர்.

எனக்குக் கொடுத்த ரூம் எண் 9. அதுதான் கடைசி ரூம். சாவியோடு உள்ளங்கை அகல மரக்கட்டை ஒன்று கட்டித் தொங்கியது. "இது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். "சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஊருக்குப் போயிருவாங்கல்லா, அதுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

ரூமுக்குள் சிவப்பு சிமெண்டு தரை. காலை வைத்ததும் குளிர்ந்தது. சுவரில் கடப்பா கல் அலமாரி. மின் விசிறிக்கு டிபன் பாக்ஸ் அளவில் பழைய ரெகுலேட்டர். ஐந்தில் வைத்தாலும் ஒன்றில் வைத்தாலும் ஒரே வேகம். கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டி இருந்தன. போர்டில் என்னதான் எழுதி இருந்தாலும், இந்த ரூமில் பெண்கள் தங்கி இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? புருஷனோடு வந்தவர்களாக இருக்கும்.

பழைய லாட்ஜில் தங்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரூமுக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடாதீர்கள். விளக்கைப் போட்டு மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டில் சட்டத்தின் மூலையையும் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அப்போதே வேறு ரூம் கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது. உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். மாடிப் படி ஒன்றா, இரண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் தங்கிய இடத்தில் ஒன்றுதான். அதன் அடியிலேயே மின்சார மீட்டர் பெட்டி. அந்த ராத்திரி எனக்கு அது பிடிக்கவில்லை. மேனேஜரிடம் சொன்னேன். "முதலாளிகிட்ட சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்" என்றார்.

பழைய லாட்ஜில் ஒரு லாபம் உண்டு. 24 மணி நேரக் கணக்கு. ராத்திரி ஒன்பதுக்கு உள்ளே போனால் மறு நாள் ராத்திரி ஒன்பது வரை ரூம் உங்களுடையது. புதிய ஓட்டல்களில் ராத்திரி ஒன்பதுக்குப் போனாலும் மறு நாள் பகல் 11, 12 மணிக்குக் கதவைத் தட்டிவிடுவார்கள். கோர்ட்டுக்கு வருகிறவனுக்கும் கோவிலுக்கு வருகிறவனுக்கும் இது பெரிய விஷயம். காரியம் முடிந்து சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு பஸ் ஏறலாம்.

வரியைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18-ந் தேதி வரை ஆயிரம் ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அன்று முதல் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22-ந் தேதி அதை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்கிற சின்ன லாட்ஜ் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. அவர்கள் வரி வாங்கவும் கூடாது. ஆகவே வரி என்று கேட்டால், நம்பர் போட்ட பில் கேளுங்கள்.

பஞ்சு, பேண்டேஜ், நாய்க்குட்டி

மேனேஜருக்கு வயது 68. முப்பது வருஷத்துக்கு மேலாக அதே நாற்காலி. "பேரு போட்டுராதீங்க தம்பி" என்றார். போடவில்லை. லாட்ஜ் பெயரும் போடவில்லை.

ராஜபாளையத்துக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"பஞ்சு ஏஜெண்டு வருவாங்க. நூல் யாவாரி வருவாங்க. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி எடுக்க வடக்கே இருந்து வருவாங்க. இந்தியில பேசுவாங்க, நான் தமிழ்ல பேசுவேன், கணக்கு மட்டும் சரியா இருக்கும். மாம்பழ சீசனுக்கு லாரிக்காரங்க. குத்தாலம் சீசனுக்குக் குளிக்கப் போறவங்க. கார்த்திகை, மார்கழின்னா ஐயப்பமாருங்க. நாய் வாங்க வர்றவன் வேற. ராத்திரி பூரா ரூம்ல குட்டி கத்தும். பக்கத்து ரூம்காரன் என்னைய வந்து திட்டுவான்."

நாய் என்றால் சாதாரண நாய் இல்லை. வெள்ளை வெளேர் என்று ராஜபாளையம் ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கும் வேட்டை நாய்.

ஊர் வளர்ந்த கதையும் லாட்ஜ் வளர்ந்த கதையும் ஒன்றுதான். 1927-ல் விருதுநகர்-தென்காசி ரெயில் பாதை வந்தது. 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில் வந்தால் ஏஜெண்டு வருவான். ஏஜெண்டு வந்தால் படுக்க இடம் வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக லாட்ஜ்கள் வந்தன. அப்போது மதுரைக்கு மீட்டர் கேஜ் ரெயிலில் போய் அன்றைக்கே திரும்புவது சிரமம். இப்போது அகலப் பாதை. சென்னையில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரசில் ஏறினால் விடியும்போது ராஜபாளையம். ஏஜெண்டு காலையில் இறங்கி, வேலையை முடித்து, ராத்திரி அதே ரெயிலில் திரும்பிவிடுகிறார். பாதிப் பேர் செல்போனிலேயே வியாபாரத்தை முடித்துவிடுகிறார்கள்.

தேர் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் ஆண்டாள் தேர் நிலைக்கு வர நாள் கணக்கில் ஆகும். வெளியூர்க்காரர்கள் தங்கி இழுத்துவிட்டுப் போவார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகு காலையில் வடம் பிடித்தால் சில மணி நேரத்தில் நிலை. தேர் பார்த்தவர்கள் பால்கோவா வாங்கிக்கொண்டு சாயங்காலமே பஸ் ஏறுகிறார்கள். "தேரு வேகமா ஓடுனா எனக்கு நஷ்டம் தம்பி" என்று மேனேஜர் சிரித்தார்.

இந்த வழியில் தங்கும் இடங்களுக்குப் பெரிய சரித்திரமே உண்டு. ஆண்டாளுக்குப் பூஜை முடிந்தது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மணி அடித்தால், வழி நெடுக உள்ள மண்டபங்களில் அடுத்தடுத்து மணி அடித்து மதுரைக்குச் சேதி போகுமாம். அதைக் கேட்ட பிறகுதான் திருமலை நாயக்கர் சாப்பிட உட்காருவாராம். பெரியவர்கள் சொல்லும் கதை. ராணி மங்கம்மாள் ரோடு போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினார். மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரில்தான். ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டவர். தாம் குடியிருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம்.

அப்படிப்பட்ட ஊரில் அந்த அம்மாள் படியில் நின்றார்.

சம்மன்

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல பார்க்கலையா தாயி?" என்று மேனேஜர் கேட்டார்.

"மூணு இடம் பார்த்தோம்யா. ஒரு இடத்துல ரெண்டாயிரம் கேட்டாக. ரெண்டு இடத்துல பொம்பளையாளுக்கு ரூம் கிடையாதுன்னுட்டாக. கண்டக்டர் தம்பிதான் இங்கே இறக்கிவிட்டாரு."

"பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கலாம்லா? ஜனம் இருக்கும்."

அந்த அம்மாள் பேத்தியைப் பார்த்தார். பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டு நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். மேனேஜர் படித்தார். என்னிடம் கொடுத்தார்.

கோர்ட்டு சம்மன். மறு நாள் காலை சாட்சி சொல்ல ஆஜராக வேண்டும். கொலை வழக்கு. இறந்தவர் யார் என்று கேட்டேன்.

"என் மகன்" என்றார்.

பேத்தியின் தகப்பன்.

"எதிராளிகளும் நாளைக்கு வருவாக. அவுகளும் இன்னைக்கே வந்திருந்தாகன்னா, பஸ் ஸ்டாண்டுலதான் கிடப்பாக. அதான்யா அங்க படுக்க மனசு வரலை."

வழக்கு எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதாததன் காரணம் இதுதான்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். அவருக்கு இரண்டு பயம். ரூம் இல்லை என்பது ஒன்று. தனியாக வந்த பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் போலீசார் வந்து குடைவார்கள் என்பது இன்னொன்று. "முன்னாடி ஒரு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ராத்திரி பூரா நிக்க வச்சாங்க தம்பி. அதுல இருந்து முதலாளி இந்தப் போர்டை எழுதி மாட்டிட்டாரு."

தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 18 வயது நிறைந்தவர், தாம் யார் என்பதற்கு அத்தாட்சி காட்டினால் போதும். கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே ரூமில் தங்கினார்கள் என்று கோவையில் ஒரு விடுதியைச் சீல் வைத்தபோது, அது குற்றமே இல்லை என்று சென்னை ஐகோர்ட்டு 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. பேத்தியோடு வந்த பாட்டிக்கு என்ன தடை? போர்டு முதலாளியின் பயம். அவ்வளவுதான்.

இதை நான் மேனேஜரிடம் சொன்னேன். அவர், "சட்டம் இருக்கட்டும் தம்பி, ரூமுக்கு எங்க போறது?" என்றார்.

என் ரூமைக் கொடுத்துவிடலாமா என்று வாய் வரை வந்தது. வந்ததே தவிர, வெளியே வரவில்லை. அதற்குள் மேனேஜர் எழுந்துவிட்டார்.

துணி ரூம்

கல்லாவுக்குப் பின்னால் சின்ன ரூம் ஒன்று உண்டு. சலவைக்குப் போட்டு வந்த பெட்ஷீட், தலையணை உறை எல்லாம் அடுக்கி வைக்கும் இடம். மேனேஜரும் ரூம் பாயும் மூட்டைகளைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். நானும் இரண்டு மூட்டை தூக்கினேன். தரையில் இரண்டு பாய், இரண்டு தலையணை, ஒரு டேபிள் பேன். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. வாசலை அடைத்தபடி மேனேஜரின் நாற்காலி.

"எவ்வளவுய்யா?"

"நூறு ரூவா குடு தாயி."

அந்த அம்மாள் சுருக்குப் பையில் இருந்து பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணிக் கொடுத்தார். மேனேஜர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லி இருந்தால் அந்த அம்மாள் தங்கி இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்தது லெட்ஜர். பெயர், வயது, தொழில், எங்கே இருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரியம், கையெழுத்து. ஆதார் அட்டை கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றார் அந்த அம்மாள். ஓட்டர் அட்டையும் இல்லை. இருந்தது சம்மன்தான். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சம்மன் நம்பரை லெட்ஜரில் ஏற்றினார். கோர்ட்டு முத்திரை போட்ட காகிதத்தைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். தொழில்: கூலி. வந்த காரியம்: கோர்ட்டு. அந்த அம்மாள் கைநாட்டு வைத்தார். பேத்தி கையெழுத்துப் போட்டாள்.

ஆதாரைப் பற்றி இங்கே ஒரு சேதி. மேனேஜரின் மேஜைக்கு அடியில் அட்டைப் பெட்டி நிறைய ஆதார் நகல்கள் கிடந்தன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். லாட்ஜ்களுக்கு நகல் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதம் ஒரு அறிக்கை விட்டது. இரண்டே நாளில் அரசு அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜனங்கள் குழம்பியதுதான் மிச்சம். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் இருக்கிறது. அதைக் கொடுக்கலாம். டிரைவிங் லைசென்சும் ஓட்டர் அட்டையும் போதும்.

12.15 மணி

எனக்குத் தூக்கம் வரவில்லை. ரூமில் புழுக்கம். வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி 12.15 இருக்கும். கீழே பைக் நிற்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் மாடி ஏறி வந்தார்கள்.

"ரூம் இருக்கா பெரியவரே?"

"புல்லாயிருச்சு."

ஒருவன் நின்ற இடத்தில் நின்றான். இன்னொருவன் மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தான். லெட்ஜர் திறந்து கிடந்தது. தலைகீழாக இருந்த எழுத்தைப் படிக்க முயல்கிறான் என்று எனக்குப் பட்டது. மேனேஜருக்கும் பட்டிருக்க வேண்டும். சாவகாசமாக லெட்ஜரை மூடினார். அதன் மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்தார்.

"கோவிலுக்கு வந்தீங்களா?"

"ஆமா."

"பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க."

போய்விட்டார்கள். நிஜமாகவே அமாவாசைக்கு வந்த பக்தர்களாக இருக்கலாம். நெற்றியில் விபூதி இருந்தது. வேறு ஆட்களாகவும் இருக்கலாம். எனக்கு இன்று வரை தெரியாது. துணி ரூம் கதவுக்குப் பின்னால் டேபிள் பேன் சத்தம் மட்டும் கேட்டது.

மேனேஜர் ரூம் பாயைக் கூப்பிட்டுக் கீழ் கேட்டைப் பூட்டச் சொன்னார். ஒரே படிதான் என்று எழுதினேன் அல்லவா? பூட்டியதும் எனக்கு மீட்டர் பெட்டி ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் பார்த்தால் பாதுகாப்பு, மறு பக்கம் பார்த்தால் ஆபத்து.

ஏட்டு வந்தார்

ஒன்றரை மணிக்குக் கேட் தட்டப்பட்டது. போலீசார். திருவிழா நேரத்தில் ராத்திரி லாட்ஜ் சோதனை வழக்கம். ஏட்டு ஒருவரும் ஒரு காவலரும் வந்தார்கள். லெட்ஜரைப் பிரித்து விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்த ஏட்டு ஒரு இடத்தில் நின்றார்.

"என்ன அண்ணாச்சி, ரூம் நம்பர் போடலை?"

"துணி ரூம்ல படுக்க வச்சிருக்கேன் ஏட்டய்யா. எழுதித்தான் இருக்கேன். படிச்சுப் பாருங்க."

ஏட்டு படித்தார். சம்மன் நம்பரைப் பார்த்தார். சம்மன் எங்கே என்று கேட்டார். மேனேஜர் வாங்கி வைத்திருந்ததைக் கொடுத்தார். ஏட்டு விளக்குக்குக் கீழே போய் முழுவதும் படித்தார். மூடி இருந்த கதவை ஒரு முறை பார்த்தார்.

"எழுப்பட்டுமா?" என்று மேனேஜர் கேட்டார்.

"வேண்டாம். தூங்கட்டும்."

பைக்கில் வந்த இரண்டு பேரைப் பற்றி நான் சொன்னேன். நம்பர் பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை. நிருபருக்கு அது அழகில்லை என்று அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது. லெட்ஜரில் தம் கையெழுத்தையும் நேரத்தையும் போட்டார். "யாரு வந்து கேட்டாலும் ரூம் இல்லைன்னு சொல்லுங்க. காலையில அந்தம்மாவைத் தனியா அனுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சாட்சிக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. 2018 டிசம்பர் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதற்கு ஒப்புதல் கொடுத்து, எல்லா மாநிலங்களும் அதன்படி நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மிரட்டல் இருக்கிறது என்றால் மாவட்டத்தில் உள்ள அதிகாரக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். போலீசார் விசாரித்து அறிக்கை தருவார்கள். வீட்டுக்குக் காவல், கோர்ட்டுக்கு வந்து போகத் துணை, தேவைப்பட்டால் வேறு இடத்தில் தங்க ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. சாட்சிக்குப் பஸ் செலவும் படியும் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு இரண்டுமே தெரியாது. காலையில் பஸ்சில் நான் சொன்னபோது, "அதுக்கு யாரைய்யா பார்க்கணும்?" என்று கேட்டார். அரசு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன்.

விடிந்தது

ஐந்து மணிக்குப் பாய்லர் புகைந்தது. பேத்திதான் முதலில் வாளியோடு போய் நின்றாள். தலை பின்னி ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தாள். டீக்கடையில் மில் ஷிப்ட் முடித்த ஆட்கள் நின்றார்கள். அவர்கள் நடுவில் பாட்டியும் பேத்தியும் நானும் டீ குடித்தோம். பணம் கொடுக்க விடவில்லை அந்த அம்மாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சில் நிற்க இடம் இல்லை. ராஜகோபுரம் தெரிந்ததும் பஸ் முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. 11 நிலைக் கோபுரம், வெகு தூரத்துக்கு முன்பே கண்ணில் படும். அந்த அம்மாளும் கும்பிட்டார். கோர்ட்டு வாசலில் கொண்டு போய் விட்டேன். பேத்தி உள்ளே உட்கார வேண்டாம் என்று சொன்னார்கள். பென்னிங்டன் நூலகம் பக்கத்தில்தான் என்று சொல்லி அங்கே அழைத்துப் போனேன். 1875-ல் ஆரம்பித்த நூலகம். அந்த ஊருக்கு வருகிறவர்கள் பால்கோவாவோடு அதையும் பார்க்கலாம். சிறுமி காமிக்ஸ் கேட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அம்மாள் வெளியே வந்தார். அரசுத் தரப்பு கேள்வி முடிந்துவிட்டது. எதிர்த் தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணைக்கு வேறு தேதி. அடுத்த மாதம். மறுபடியும் வர வேண்டும்.

"அன்னைக்கும் முதல் நாள் ராத்திரியே வந்தாகணும்யா" என்றார். "அந்த லாட்ஜுல இடம் கொடுப்பாகளா?"

நான் அங்கேயே நின்று லாட்ஜுக்குப் போன் போட்டேன். மேனேஜரே எடுத்தார். தேதியைச் சொன்னேன்.

"போன்ல எல்லாம் ரூம் போடுறது இல்லை தம்பி" என்றார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"தேதியை இன்னொரு தடவை சொல்லுங்க. எழுதிக்கிறேன். அந்தப் போர்டை முதலாளி எடுக்க மாட்டேங்குறாரு. அந்தம்மா அதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிரப் போறாங்க. நேரா உள்ள வரச் சொல்லுங்க."